ஏழாவது ஜோடி

ஆம்பூர்
11.7.1999

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் விடுதி அறையில் கூட இருப்பவர்களுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. நான் உனக்கு எழுதினேன் என்று தெரிந்தால் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, ஆனாலும் தோல் தரம் பிரிக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் அதே ஜோடி மேஜையில் இருக்கிறாள். நீ சுகமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீ சைரா வீட்டு விலாசத்துக்குப் போட்ட அட்டை வந்தது. பெயர் இல்லை என்றாலும் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சைரா அதை வேதியியல் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். “உங்க அக்கா உயிரோடதான் இருக்குது. இனிமே மூஞ்ச தூக்கி வெச்சிக்காத” என்றாள்.

ஆல்வின் மாமாவோடு உனக்கு நிச்சயம் செய்ய இருந்ததற்கு முந்தின இரவு நீ போனாய். ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. குடும்ப ஜெபத்தில் அம்மா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டு வருவாள் இல்லையா, என் பெயருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துவாள். அவ்வளவுதான்.

எல்லாரும் தூங்கியபிறகு சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பல்பின் மேல் துணி சுற்றியிருக்கிறேன். அங்கே உனக்கு என்ன வேலை? உன்னைப் போல நானும் இயற்பியல் படிக்க வேண்டும். மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை. சைரா விலாசத்துக்கே பதில் போடு.

உன் தங்கை
ஹெப்சி

*

பெங்களூர்
24.7.1999

அன்புள்ள ஹெப்சிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டுக் கிழித்தேன். கிழித்தபிறகு வருத்தமாக இருந்தது.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பாய். நானும் ஜோடிதான் பார்க்கிறேன். அம்மா ஷூவின் மேல்பக்கத் தோலை, இடது அப்பரையும் வலது அப்பரையும், பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றா, ஒரே தோலில் வெட்டியதா என்று பார்க்கிறாள். நான் வானத்தின் படங்களில் நட்சத்திர மண்டலங்களின் ஜோடிகளைத் தேடுகிறேன். ஒவ்வொரு மண்டலத்திலும் ஆயிரக்கணக்கான கோடி நட்சத்திரங்கள். சில மண்டலங்கள் இரண்டிரண்டாக நெருங்கி நின்று, மெல்ல ஒன்றுக்குள் ஒன்று போய், கடைசியில் ஒரே மண்டலமாகிவிடுகின்றன. முன்பு எத்தனை ஜோடிகள் இருந்தன, இப்போது எத்தனை என்று கண்டுபிடிப்பது இங்கே ஒருவருடைய ஆராய்ச்சி. எண்ணிக் கொடுப்பது நான். தற்காலிக வேலைதான்.

இந்த உறையில் அந்தப் படங்களில் இரண்டு தாள்களின் நகல் வைத்திருக்கிறேன். வானம் வெள்ளையாகவும் மண்டலங்கள் கறுப்பாகவும் இருக்கும். முதல் தாளில் இருப்பவை நமக்கு அருகே. இரண்டாவதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை மிகத் தூரம். அந்த ஒளி கிளம்பி ஐந்நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது பூமி இல்லை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறேன். அந்த நீளத்துக்குள் இரண்டு இருந்தால் ஜோடி என்று வட்டம் போட்டு எண் கொடு. ஒரே ஆள் எண்ணிக்கொண்டிருந்தால் கண் பழகித் தப்பு வரும். இன்னொரு கண் எனக்கு வேண்டும்.

நன்றாகப் படி.

ஃபீபி

*

ஆம்பூர்
15.8.1999

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. இன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாள்களை எண்ணி முடித்துவிட்டேன்.

முதல் தாளில் நாலு ஜோடி. இரண்டாம் தாளில் பத்தொன்பது. அப்பா தோலில் உண்ணி கடித்த தழும்பு பார்க்கிற பூதக்கண்ணாடியை இரவில் எடுத்து, விடிவதற்குள் அதன் பெட்டியில் வைத்துவிடுகிறேன். ஒருநாள் தலைகீழாக வைத்துவிட்டேன். அப்பா அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நேராக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

தூரத்தில் இருப்பவற்றில் மட்டும் ஏன் இவ்வளவு ஜோடி? பதினோராவது ஜோடியில் ஒன்றுக்கு வால் மாதிரி நீண்டிருக்கிறதே, அது என்ன? நட்சத்திரங்கள் மோதி உடையுமா?

தாள் வந்த உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு சைரா, “இன்னாடி இவ்ளோ வெயிட்டு. எனக்கு லவ் லெட்டர் வந்தாகூட இவ்ளோ வராது” என்றாள்.

ஆல்வின் மாமா இப்போது எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். பெரிய மாமா வீட்டில் அனுப்பினார்கள் என்று ஏதாவது கொண்டுவருவார். அம்மாவுக்கு அண்ணன் மகன் என்பதால் அப்பாவும் எழுந்து வரவேற்கிறார். என்னைத்தான் பரிமாறச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் உன்னைச் சொல்வார்கள். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஹெப்சி

*

பெங்களூர்
9.10.1999

அன்புள்ள ஹெப்சிக்கு,

நலம். வேலை ஜாஸ்தி, அதனால் தாமதம். கோபப்படாதே.

உன் எண்ணிக்கை என்னுடையதிலிருந்து மூன்றே இடத்தில் வேறுபடுகிறது. அது நல்ல கண்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முற்காலத்தில் எல்லாம் நெருங்கியிருந்தன. பிரபஞ்சம் விரிய விரிய ஒன்றுக்கொன்று தூரம் கூடிவிட்டது. ஏற்கெனவே பக்கத்தில் இருந்தவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து தீர்ந்துவிட்டன. அதனால் இப்போது ஜோடிகள் கம்மி. எவ்வளவு கம்மி என்பதில்தான் இங்கே எல்லாருக்கும் சண்டை. நட்சத்திரங்கள் மோதிக்கொள்வதில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே அவ்வளவு வெற்றிடம். மோதுவது வாயு மேகங்கள்தான். அப்போது ஒரேயடியாகப் புது நட்சத்திரங்கள் பிறக்கும். பிறகு வாயு தீர்ந்துவிடும். புதிதாக எதுவும் பிறக்காமல், இருப்பது சிவந்து முதிர்ந்துகொண்டே இருக்கும்.

வால் என்பது ஒன்றின் ஈர்ப்பு மற்றதிலிருந்து இழுத்தெடுத்த நட்சத்திரங்கள். சின்ன மண்டலம் பெரியதிடம் மாட்டினால் பெரும்பாலும் சின்னதுதான் உருக்குலையும்.

ஆனால் அருகே வருவதெல்லாம் சேர்ந்துவிடாது. வேகமாகக் கடந்து போவது தப்பித்துவிடும். மெதுவாக வருவது மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, படத்தில் ஒட்டி நிற்பவை உண்மையில் ஒட்டி நிற்க வேண்டும் என்பதில்லை. ஒன்று முன்னால், ஒன்று வெகுதூரம் பின்னால் இருக்கலாம். ஒளியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பரீட்சைக்குப் படி. அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

ஃபீபி

*

ஆம்பூர்
20.11.1999

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றவர்கள் சுகம். நான் எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

போன ஞாயிறு தண்ணீர் கொடுக்கும்போது ஆல்வின் மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து அவர் கை உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. “நீயும் உங்க அக்கா மாதிரி ஓட மாட்ட இல்ல?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பதில் சொல்லும்வரை விடவில்லை. வளையல் உடைந்து கையில் ஏறியது. “மாட்டேன்” என்று சொன்னேன். அப்பா வாசலில் செருப்பு துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் வைக்கலாம் என்று பேசுகிறார்கள். அதற்குள் பரீட்சை முடிந்துவிடும். முடிந்ததும் நான் அங்கே வந்துவிடட்டுமா? உன் விடுதியில் தரையில் படுத்துக்கொள்வேன். ஏதாவது வேலை பார்ப்பேன். எண்ணத்தான் தெரியுமே.

இன்னொன்று நடந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த இரண்டாம் தாளை நேற்று எடுத்தேன். ஐந்து ஜோடிகளின் மேல் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி இருந்தது. நான் போடவில்லை. கம்பெனியில் ஜோடி சேராத அப்பர்மேல் அம்மா சாக்பீஸில் போடுகிற அதே குறி. உன் கடிதங்களும் அங்கேதான் இருந்தன. உன்னைக் கிழிக்கச் சொல்லிவிட்டு நான் கிழிக்கவில்லை.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது ஜோடியைக் காட்டி, “இது நீ போட்டதாம்மா?” என்று கேட்டேன்.

“அது ஜோடி இல்லடி.”

“எப்படி சொல்ற?”

“ஒண்ணுத்துக்கு ஓரம் தெளிவா இருக்குது. இன்னொண்ணு மங்கிப் போய்க் கெடக்குது. ரெண்டும் ஒரே தோலுன்னு எவ சொன்னா? பக்கத்துல பக்கத்துல வெச்சிட்டா ஜோடியாயிடுமா?”

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

அம்மா முறத்தை என் கையில் கொடுத்தாள். “அரிசியக் களஞ்சி ஒலையில போடு” என்றாள்.

சொன்னாளா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. சீக்கிரம் பதில் எழுது.

ஹெப்சி

*

பெங்களூர்
2.1.2000

அன்புள்ள ஹெப்சிக்கு,

புத்தாண்டு வாழ்த்து.

அம்மா குறி போட்ட ஐந்தில் நாலு சரி. ஒளி பிரித்த பட்டியலில் பார்த்தேன். ஏழாவது ஜோடியில் மங்கலானது மற்றதைப்போல இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியாளரிடம் காட்டினேன். யார் பார்த்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் என்றேன்.

பரீட்சையை விட்டுவிடாதே. மற்றது பிறகு எழுதுகிறேன்.

ஃபீபி

*

ஆம்பூர்
23.1.2000

அன்புள்ள அக்காவுக்கு,

ரம்ஜான் லீவில் சைரா வாணியம்பாடிக்குப் போயிருந்தாள். உன் கடிதம் பத்து நாள் அவள் வீட்டில் கிடந்தது. பத்து நாளும் ‘வா’ என்று எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர்வரை காத்திருக்கப் போவதில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது என்று பெரிய மாமா அவசரப்படுத்துகிறார். பிப்ரவரி 3ஆம் தேதி எனக்குப் பதினெட்டு முடிகிறது. 23ஆம் தேதி கல்யாணம். பரீட்சை எழுத மாட்டேன். ஹால் டிக்கெட் வந்தால் வாங்கி என்ன செய்வது என்று அப்பா கேட்டார்.

6, 13, 20, மூன்று ஞாயிறும் ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபம் உள்ளவர்கள் பெயரோடும் காரணத்தோடும் எழுதித் தரலாம் என்று போதகர் சொல்வார். யாராவது எழுதிக்கொடுத்தால் விசாரித்து முடிக்கும்வரை கல்யாணம் நடக்காது. லெந்து வந்துவிடும். பரீட்சையாவது எழுதிவிடுவேன்.

ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் பெண் ஆலயத்துக்குப் போகக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். என் பெயரை வாசிக்கும்போது நான் வீட்டில் இருப்பேன். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ எழுது அக்கா. நீ சொந்த அக்கா. அந்த மாமாவுக்கு முதலில் பேசியது உன்னைத்தான். உன் வார்த்தையைப் போதகர் தள்ள முடியாது. 20ஆம் தேதிக்குள் வந்தால் போதும்.

நேற்று அம்மாவிடம் தைரியமாகக் கேட்டேன். “நானும் மாமாவும் ஜோடியாம்மா? நீ பாத்து சொல்லு.”

அம்மா தைத்துக்கொண்டிருந்த என் கல்யாண ரவிக்கையைக் கீழே வைத்தாள். “என்னை உங்க அப்பாவுக்குக் குடுக்கும்போது யாரு பாத்து சொன்னாங்க?” என்றாள். பிறகு ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குக் கண் தெரியாமல் இல்லை.

ஹெப்சி

*

பெங்களூர்
7.2.2000

ஹெப்சிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் எழுதத் தொடங்கி நிறுத்துகிறேன். நேற்று முதல் ஓலை வாசித்திருப்பார்கள்.

என்னால் ஆட்சேபம் எழுத முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் போன இரவு ஒரு சீட்டு எழுதி உப்பு ஜாடியின் கீழே வைத்தேன். நாலு வரி. எனக்கு இது வேண்டாம், மன்னியுங்கள், தேடாதீர்கள் என்பது மூன்று வரி. நாலாவது வரி, ‘ஆல்வினுக்கு ஹெப்சி இருக்கிறாள்.’

என்னைத் தேடாமல் விட்டது அதனால்தான். அப்போது உனக்குப் பதினைந்து வயது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுதிவிட்டு உன் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனேன்.

அந்தச் சீட்டு அப்பாவிடம் இருக்கிறது. நான் ஆட்சேபம் எழுதினால் அதைப் போதகர் முன்னால் வைப்பார். அது இல்லாவிட்டாலும் எந்தக் கையால் எழுதுவேன்? வா என்று எழுதவும் பயமாக இருக்கிறது. நீ வந்தால் ஆல்வின் பின்னாலேயே இங்கே வருவார். இதையெல்லாம் சொல்ல முடியாமல்தான் இவ்வளவு நாளும் உனக்கு வானத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஃபீபி

*

ஆம்பூர்
19.2.2000, சனி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்குக் கீழே ஒரு தங்கை இருந்திருந்தால் நான் அவள் பெயரை எழுதியிருப்பேனா என்று இரண்டு இரவு யோசித்தேன். எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நீ வேகமாகக் கடந்து போனாய். நான் மெதுவாக வந்தேன்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. நாளைக் காலை மூன்றாவது. யாரும் எழுதாவிட்டால் நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். ‘எனக்குச் சம்மதம் இல்லை. பரீட்சை எழுத வேண்டும். கையைப் பிடித்து வளையலை உடைப்பவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன்’ என்று எழுதி, கீழே முழுப் பெயரும் போட்டேன். பெயர் இல்லாவிட்டால் செல்லாது.

போதகர் வீட்டில் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். அதனால் ஆலய வாசலில் ஜெப விண்ணப்பச் சீட்டு போடுகிற ஜெபப் பெட்டியில் போடச் சொல்லி நேற்று சைராவிடம் கொடுத்தேன். அவள் டியூஷன் போகிற வழி அது. “உங்க சாமி பொட்டியில நா போட்டா ஒத்துக்குவாரா?” என்று கேட்டாள். ஒத்துக்கொள்வார் என்றேன். போட்டுவிட்டேன் என்று இன்று மதியம் தெருவில் போகும்போது கண் காட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலயக் காவல்காரர் அந்தோணி அந்தப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை அப்படியே போதகரிடம் கொடுப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை நம்பித்தான் போட்டேன்.

இன்று இரவு சாப்பிடும்போது அப்பா தாமதமாக வந்தார். “அந்தோணி மாடியில இருந்து வழுக்கி வுழுந்துட்டான். ஆஸ்பத்திரில போட்டுருக்காங்க. சாவியெல்லாம் எங்கிட்ட குடுத்துட்டாங்க” என்று அம்மாவிடம் சொன்னார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா சபைக் கமிட்டியில் இருப்பது உனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரசம் போதும் என்று கை காட்டினார். சாப்பிட்டு முடித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு சீட்டை எடுத்து வேதாகமத்துக்குள் வைத்தார். சாவி ஆணியில் தொங்குகிறது. எந்தச் சீட்டானாலும் ஜெபம் முடிந்தபிறகுதான் ஒவ்வொன்றாகப் படிப்பார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படிப்பார்.

கண்ணாடி இன்று என்னிடம் இல்லை. முன்னறையில் விளக்கு எரிகிறது. சாமான் அறைக் கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். இருமிக்கொண்டிருந்த அப்பா கொஞ்ச நேரமாக இருமவில்லை.

நீ எழுதினாய், தூரத்தில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியும்போது அது நடந்து முடிந்திருக்கும் என்று. அப்படி நேராக எழுதவில்லை, ஆனால் அந்த ஐந்நூறு கோடியைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் புரிந்தது. தாளில் இரண்டாக நிற்கிற அந்தப் பதினோராவது ஜோடி இப்போது ஒன்றாகியிருக்கும். வாலோடு இருந்த சின்னது எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. நாம்தான் இன்னும் இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது மூன்றாவது ஓலை வாசித்து முடிந்திருக்கும். 23ஆம் தேதியும் போயிருக்கலாம். அதனால் இதைப் படித்துவிட்டுப் புறப்பட்டு வராதே. இதில் இருக்கிற ஹெப்சியை இங்கே பார்க்க முடியாது.

சீட்டைப் போட்டது யார் என்று அப்பா கண்டுபிடித்துவிடுவார், சைரா இனி நம் வீட்டுப் பக்கம் வர முடியாது. நான் தபால் நிலையம் போக முடியாது. இதை மடித்து வழக்கமான இடத்தில், அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கப் போகிறேன். அந்த இடம் அம்மாவுக்குத் தெரியும். இதை நீ படிக்கிறாய் என்றால் தபாலில் போட்டது அம்மா. அதற்கு மட்டும் அவளிடம் ஒருநாள்

நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அம்மா எழுந்து, “வேணாங்க, வேணாங்க” என்கிறாள். கதவுக்கு வருவது அம்மா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அப்பா என்றால் கூப்பிட மாட்டார். ஒரு தடவை தட்டுவார், அவ்வளவுதான்.

தட்டிவிட்டார். விளக்கை